ஏ.ஜே. (அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ், குற்றவியல் நீதித்துறை) படிப்பு: கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம், அப்புறம் யூனிவர்சிட்டி. எந்த டிகிரி, எந்தப் பாடம், எங்கே சிக்கல்?

தாமரை, ஃப்ரீமாண்ட்
எல்லோருக்கும் வணக்கம். மகள் வரும் ஜூனில் ஹைஸ்கூல் முடிக்கிறாள். கிரிமினல் ஜஸ்டிஸ் படிப்பதில் உறுதியாக இருக்கிறாள். போலீஸா, ப்ரொபேஷனா (தண்டனை பெற்றவர்களைக் கண்காணிக்கும் வேலை), இல்லை லா ஸ்கூலா என்று இன்னும் முடிவாகவில்லை. நேராக யூனிவர்சிட்டிக்கு நான்கு வருஷம் கட்டுவதை விட, பக்கத்தில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் படித்துவிட்டு சான் ஹோசே ஸ்டேட் அல்லது சாக்ரமெண்டோ ஸ்டேட் போகலாம் என்று யோசிக்கிறோம். யுசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) கிடைத்தாலும் சரி. எங்களுக்கு கிரீன் கார்டு இருக்கிறது, சிட்டிசன்ஷிப் இன்னும் இல்லை. காலேஜ் வெப்சைட்டில் ஏ.ஜே. என்ற பெயரில் நாலைந்து விதமான டிகிரி, சர்டிஃபிகேட் போட்டிருக்கிறார்கள். எதில் சேர்ப்பது என்றே புரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

செந்தில்குமரன்
தாமரை மேடம், டிகிரியின் பெயருக்குப் பின்னால் என்ன எழுத்து இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். கலிஃபோர்னியாவில் இந்தப் பாதையில் பாதிப் பேர் தடம் மாறுவது அங்கேதான்.

ஒரே காலேஜில் "அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ், ஏ.எஸ்." என்று ஒன்றும் "அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ், ஏ.எஸ்-டி" என்று ஒன்றும் இருக்கும். முதலாவது அந்தக் காலேஜ் தன் அளவில் கொடுக்கிற தொழில் சார்ந்த டிகிரி. அதில் ரிப்போர்ட் எழுதுவது, பேட்ரோல் நடைமுறை மாதிரிப் பாடங்கள் நிறைய வரும். அவற்றில் சில சிஎஸ்யு-வில் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி; சான் ஹோசே, சாக்ரமெண்டோ எல்லாம் இதன் வளாகங்கள்) எலெக்டிவாக மட்டும் எண்ணப்படும், சில யுசி-க்கு ஏறவே ஏறாது. இரண்டாவதுதான் ட்ரான்ஸ்ஃபருக்கென்றே வந்த அசோஸியேட் டிகிரி, சுருக்கமாக ஏ.டி.டி. 2010-ல் வந்த எஸ்பி 1440 சட்டத்தின் கீழ் உருவானது. இதை முடித்தவருக்கு சிஎஸ்யு அமைப்பில் ஏதாவது ஒரு வளாகத்தில் ஜூனியராக, அதாவது மூன்றாம் வருஷத்தில், இடம் உறுதி. காலேஜில் 60 செமஸ்டர் யூனிட் (பாடத்துக்கான கிரெடிட்), போன பிறகு அதே துறையில் இன்னொரு 60 யூனிட், பட்டம் கையில். காலேஜ் தன் பங்குக்குக் கூடுதல் பாடங்களைத் திணிக்கவும் இந்த டிகிரியில் இடமில்லை.

"ஏதாவது ஒரு வளாகம்" என்றுதான் சொல்கிறேன், கவனியுங்கள். நாம் கேட்கிற வளாகம், கேட்கிற மேஜர் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. சான் டியேகோ ஸ்டேட், லாங் பீச் போல இடத்துக்கு மேல் விண்ணப்பம் குவிகிற வளாகங்களில் ஜிபிஏ வைத்துத்தான் எடுப்பார்கள். ஏ.டி.டி. இருந்தால் அங்கே கொஞ்சம் சலுகை உண்டு. 2.0 வைத்திருந்தால் அமைப்புக்குள் நுழையலாம். விரும்பிய இடத்துக்கு அது போதாது.

அதோடு, நீங்கள் போகிற வளாகத்தின் எந்த மேஜர் இந்த ஏ.டி.டி-க்கு "ஒத்த படிப்பு" என்று ஏற்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். சான் ஹோசேயில் துறையின் பெயர் ஜஸ்டிஸ் ஸ்டடீஸ். ஃப்ரெஸ்னோவில் கிரிமினாலஜி. சாக்ரமெண்டோவில் கிரிமினல் ஜஸ்டிஸ். ஒத்த படிப்பு என்று பட்டியலில் இருந்தால்தான் அந்த 60 யூனிட் வரம்பு பொருந்தும்.

நிலானி
செந்தில் அண்ணா சொன்னதற்கு மேல் பாடக் கணக்கை எழுதுகிறேன். இது தெரிந்தால் காலேஜ் கவுன்சிலரிடம் போகும்போது என்ன கேட்பது என்று பிள்ளைக்குத் தெளிவாக இருக்கும்.

ஏ.டி.டி-யில் மேஜர் பகுதி வெறும் 18 யூனிட்தான். ஆறு பாடம். இரண்டு கட்டாயம்: இன்ட்ரடக்ஷன் டு கிரிமினல் ஜஸ்டிஸ், அடுத்தது கான்செப்ட்ஸ் ஆஃப் கிரிமினல் லா. இவற்றுக்கு மாநிலம் முழுவதும் பொதுவான அடையாள எண் உண்டு, ஏ.ஜே.110, ஏ.ஜே.120. உங்கள் காலேஜ் தன் பாடத்துக்கு வேறு எண் வைத்திருக்கும். கேட்டலாகில் பாட விவரத்தின் அடியில் இந்தச் சி-ஐடி எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் வேறு காலேஜில் எடுத்தாலும் செல்லும். அடுத்து, நீதிமன்ற நடைமுறை, சாட்சியச் சட்டம், புலனாய்வு, தடயவியல் அறிமுகம், சமூகமும் நீதித்துறையும், சிறை-சீர்திருத்தம், சிறார் நடைமுறை ஆகியவற்றிலிருந்து இரண்டு. கடைசி இரண்டுக்கு இன்னொரு பட்டியல் இருக்கிறது. அதில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், சோஷியாலஜி அறிமுகம், சைக்காலஜி அறிமுகம் எல்லாம் வரும். அந்த இரண்டுக்கும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் சோஷியாலஜியும் எடுங்கள். காரணம் கீழே.

பொதுக்கல்விப் பகுதி 34 யூனிட். 2025 இலையுதிர் செமஸ்டரில் இருந்து புதிதாகச் சேர்கிறவர்களுக்கு கால்-ஜெட்சி என்ற ஒரே பட்டியல்தான், சிஎஸ்யு-வுக்கும் யுசி-க்கும் சேர்த்து. இதற்கு முன்பிருந்த ஐஜெட்சி பட்டியல் பற்றி யூடியூபில் நிறைய வீடியோ இருக்கும், உங்கள் மகளுக்கு அது பொருந்தாது. புதியதில் ஆங்கிலமும் பேச்சும் சேர்த்து மூன்று பாடம் (காம்போசிஷன், கிரிட்டிகல் திங்கிங், ஓரல் கம்யூனிகேஷன்), கணக்கு ஒன்று, கலை-ஹ்யூமானிட்டீஸ் இரண்டு, சமூக அறிவியல் இரண்டு வெவ்வேறு துறையில், அறிவியல் லேபோடு சேர்த்து 7 யூனிட், எத்னிக் ஸ்டடீஸ் ஒன்று. ஒவ்வொன்றிலும் சி-க்குக் குறையக் கூடாது. சி-மைனஸ் இதில் செல்லாது.

இப்போது கூட்டிப் பாருங்கள். 18-ம் 34-ம் சேர்ந்தால் 52. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மேஜரிலும் எண்ணப்படும், கணக்குப் பகுதியிலும் எண்ணப்படும். சோஷியாலஜி மேஜரிலும் சமூக அறிவியலிலும் எண்ணப்படும். அந்த இரட்டை எண்ணிக்கையில் ஆறு யூனிட் கழிகிறது. 46. ஆக 60-க்கு இன்னும் 14 யூனிட் சும்மா இருக்கிறது. அந்த 14 யூனிட்டை எதில் போடுகிறோம் என்பதில்தான் திறமை. யோசிக்காமல் பேட்ரோல், ஆயுதப் பயிற்சி என்று நிரப்பினால் யுசி கதவு ஏறக்குறைய மூடிவிடும்.

நான் பரிந்துரைப்பது: ஒன்று சைக்காலஜி, இன்னொன்று அமெரிக்க அரசியலமைப்புக்கான பொலிட்டிகல் சயன்ஸ், மூன்றாவது அமெரிக்க வரலாறு. கடைசி இரண்டும் சிஎஸ்யு-வில் பட்டம் வாங்க எப்படியும் தேவைப்படும் நிபந்தனை. காலேஜில் முடித்தால் யூனிட்டுக்கு 46 டாலர். பொதுக்கல்விப் பட்டியலிலும் அவற்றுக்கு இடம் இருக்கும் என்பதால் அங்கேயும் கொஞ்சம் யூனிட் மிச்சமாகும். மீதி இருந்தால் ஸ்பானிஷ் இரண்டு செமஸ்டர். கலிஃபோர்னியாவில் ப்ரொபேஷனோ போலீஸோ எந்த வேலைக்கும் ஸ்பானிஷ் தெரிந்தவருக்கு மதிப்பு தனி.

ஸ்டாட்டிஸ்டிக்ஸை முதல் வருஷத்திலேயே முடிக்கச் சொல்லுங்கள். யூனிவர்சிட்டியில் மூன்றாம் வருஷம் ரிசர்ச் மெத்தட்ஸ் வரும்போது அது இல்லாமல் கைகட்டி நிற்க வேண்டியிருக்கும்.

பாஸ்கரன், எல்க் க்ரோவ்
நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லா ஸ்கூலும் மனதில் இருக்கிற பிள்ளை ஏ.ஜே-யை ஏன் மேஜராக எடுக்க வேண்டும்? லா ஸ்கூல் எந்த மேஜரையும் கேட்பதில்லை. ஜிபிஏ-வும் எல்சாட் என்ற நுழைவுத் தேர்வும்தான். பொலிட்டிகல் சயன்ஸ், ஃபிலாசஃபி, சோஷியாலஜி எதிலும் ஏ.டி.டி. உண்டு. அவற்றில் வாசிப்பும் எழுத்தும் அதிகம். போலீஸ் வேலைக்கும் இந்த மேஜர் கட்டாயமில்லை. பிறகு மனம் மாறினால் ஏ.ஜே. டிகிரி ஒரே துறைக்குள் அடைத்துவிடும்.

இன்னொன்றும் பலர் மறப்பது. லா ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கும்போது எல்எஸ்ஏசி (லா ஸ்கூல் சேர்க்கைக்கான அமைப்பு) எல்லாக் காலேஜ் கிரேடையும் சேர்த்துத்தான் ஜிபிஏ போடும். கம்யூனிட்டி காலேஜில் முதல் செமஸ்டரில் வாங்கின டி-யும் அதில் வரும். திரும்ப எடுத்துப் பி வாங்கினாலும் ட்ரான்ஸ்கிரிப்டில் பழைய கிரேடு தெரிகிற வரை இரண்டையும் எண்ணுவார்கள். "இரண்டு வருஷம் சும்மா பழகட்டும், யூனிவர்சிட்டியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நிலானி
பாஸ்கரன் அண்ணா, எல்எஸ்ஏசி விஷயம் முழுக்கச் சரி. ஆனால் மேஜர் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஏ.ஜே. ஏ.டி.டி-யில் துறைக்கே உரிய பாடம் நான்குதான், 12 யூனிட். மீதி 48 யூனிட் சோஷியாலஜி எடுக்கிற பிள்ளைக்கும் ஏறக்குறைய இதேதான். முதல் வருஷ முடிவில் மாற நினைத்தால் நஷ்டம் இரண்டு பாடம், அதுவும் எலெக்டிவாக நிற்கும். அடைத்துப் போடுவது ஏ.எஸ். டிகிரி. ஏ.எஸ்-டி அப்படியில்லை.

கிரிமினல் லா பாடம் லா ஸ்கூல் ஆசை இருக்கிற பிள்ளைக்கு நல்ல உரைகல்லும்கூட. முதல் மாதத்திலேயே குற்றத்தின் கூறுகளைப் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். உதாரணம், ஒருவர் இல்லாத வீட்டுக்குள் புகுந்து லேப்டாப்பை எடுத்துப் போகிறான். முக்கால்வாசிப் பிள்ளைகள் "ராபரி" என்று எழுதுவார்கள். கலிஃபோர்னியா பீனல் கோடு 211-ன்படி ராபரிக்கு ஆளிடமிருந்தோ ஆளின் கண்ணெதிரிலிருந்தோ பலத்தாலோ பயமுறுத்தியோ எடுத்திருக்க வேண்டும். வீட்டில் ஆளே இல்லை. இது 459, பர்க்ளரி. அதிலும் திருடும் எண்ணம் உள்ளே நுழையும்போதே இருந்ததா என்பதுதான் கேள்வி. உள்ளே போன பிறகு தோன்றியிருந்தால் 459 நிற்காது. எண்ணமும் செயலும் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்ற ஒரு விதி, ஒரு பத்திக் கதையில் முழு மதிப்பெண்ணையும் தூக்கிவிடும். இந்தப் பிரித்தறிதல் பிடித்துப்போன பிள்ளைக்கு லா ஸ்கூல் ஒத்துவரும். இது சலிப்பாக இருந்தால் மூன்று வருஷமும் கடனும் போவதற்கு முன்னாலேயே தெரிந்துகொண்டது லாபம்.

பாஸ்கரன், எல்க் க்ரோவ்
12 யூனிட்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டினது நியாயம், ஏற்கிறேன். ஆனால் யூனிவர்சிட்டியில் மேஜர் தேர்வு பற்றிய என் கருத்து அப்படியேதான். காலேஜில் ஏ.ஜே., அங்கே போய் முடிவு செய்யட்டும் என்றால் சரி. ஆனால் ஒரு எச்சரிக்கை: போன பிறகு மேஜர் மாற்றினால் 60 யூனிட் வரம்பு என்ற வாக்குறுதி கூட வராது. ஆகவே முடிவு விண்ணப்பத்துக்கு முந்தைய கோடைக்குள் எடுக்கப்பட வேண்டும்.

ரஹ்மத்துல்லா
போலீஸ் பக்கம் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

டிகிரியும் வேலையும் இரண்டு தனித்தனி வாசல். கலிஃபோர்னியாவில் பீஸ் ஆஃபீசராக (போலீஸ் போலக் கைது அதிகாரம் உள்ளவராக) குறைந்தபட்சக் கல்வி ஹைஸ்கூல் டிப்ளமா அல்லது அதற்கு இணையானது. 2021-ல் கையெழுத்தான ஏபி 89 சட்டத்துக்குப் பிறகு வயது 21 ஆகியிருக்க வேண்டும். முன்பு 18. ஆகவே 18-ல் ஹைஸ்கூல் முடிக்கிற பிள்ளைக்கு நடுவில் மூன்று வருஷம் எப்படியும் காத்திருப்புதான். அதைப் படிப்பில் போடுவது சரியான முடிவு.

சிட்டிசன்ஷிப் பற்றி: 2023 ஜனவரியில் அமலுக்கு வந்த எஸ்பி 960-க்குப் பிறகு கலிஃபோர்னியா பீஸ் ஆஃபீசர் வேலைக்கு அமெரிக்கக் குடியுரிமை மாநிலச் சட்டப்படி கட்டாயமில்லை. சட்டப்படி வேலை செய்ய அனுமதி இருந்தால் போதும். கிரீன் கார்டு தாராளமாகப் போதும். ஃபெடரல் வேலைகள் வேறு கதை. எஃப்பிஐ ஏஜெண்டுக்குக் குடியுரிமை, இளங்கலைப் பட்டம், 23-க்குக் குறையாத வயது, அதோடு வேலை அனுபவம். பாப்பா அந்தப் பக்கம் நினைத்தால் நேச்சுரலைசேஷன் தேதியையும் படிப்புத் திட்டத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் அகாடமி பற்றிப் பலருக்குக் குழப்பம். போஸ்ட் (போலீஸ் பயிற்சிக்குத் தரம் வகுக்கிற மாநில அமைப்பு) நிர்ணயித்த ரெகுலர் பேசிக் கோர்ஸ் குறைந்தது 664 மணி நேரம். பெரும்பாலான அகாடமிகள் அதைவிட அதிகமாகவே நடத்துகின்றன. பல அகாடமிகள் கம்யூனிட்டி காலேஜோடு இணைந்தவை, ட்ரான்ஸ்கிரிப்டில் யூனிட்டும் வரும். "அகாடமி முடித்தால் டிகிரி பாதி முடிந்தது" என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்த யூனிட் உள்ளூர் ஏ.எஸ். டிகிரிக்கு உதவும். ஏ.டி.டி-யின் 18 யூனிட்டுக்குள்ளோ கால்-ஜெட்சிக்குள்ளோ அது வராது. 664 மணி நேரம் முழு நாள் பயிற்சி என்றால் அந்தச் சமயம் வேறு பாடம் எடுக்கவும் முடியாது. என் யோசனை, ட்ரான்ஸ்ஃபரை முடிக்கட்டும், பட்டத்துக்குப் பிறகு அகாடமி. பிஏ யூனிட்டுகள் வீண் போகாது. போஸ்ட்டின் இன்டர்மீடியட், அட்வான்ஸ்ட் சர்டிஃபிகேட் வாங்கத் தேவைப்படும் அனுபவ வருஷங்களை டிகிரி குறைக்கும். பல துறைகளில் அந்தச் சர்டிஃபிகேட்டுக்குத் தனிச் சம்பளம் உண்டு.

இடையில் ஏதாவது ருசி பார்க்க வேண்டும் என்றால் பிசி 832 என்று ஒரு சிறு கோர்ஸ் இருக்கிறது. கைது நடைமுறை 40 மணி, துப்பாக்கி 24 மணி. இல்லாவிட்டால் உள்ளூர் போலீஸ் கேடெட் திட்டம். அதுவும் வேண்டாம் என்றால் டிஸ்பாட்சர் (அவசர அழைப்பை எடுத்து ஆள் அனுப்புகிற) வேலைக்கு முயலலாம்.

பின்னணி விசாரணையை இன்றே மனதில் வையுங்கள். ஓட்டுநர் ரெக்கார்டு, கட்டாத கடன், சோஷியல் மீடியா, பழைய முகவரிகள், பழைய முதலாளிகள் எல்லாம் தோண்டப்படும். விழுகிறவர்களில் பலர் சின்னத் தப்பு செய்ததற்காக விழுவதில்லை, அதை மறைத்ததற்காக விழுகிறார்கள். 18 வயதில் இருந்து குடியிருந்த முகவரி, வேலை பார்த்த இடம், மேலாளர் பெயர், தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். 22 வயதில் அந்தப் படிவத்தை நிரப்பும்போது ஞாபகத்தை நம்ப முடியாது.

தாமரை, ஃப்ரீமாண்ட்
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஏ.எஸ். பக்கத்தைத்தான் நாங்கள் திறந்து வைத்திருந்தோம். இன்னொரு சந்தேகம். எங்களுக்குப் பக்கத்தில் இருப்பது ஓலோனி காலேஜ், ஆனால் அவள் தோழிகள் டி ஆன்சா காலேஜ் போகிறார்கள். பாதி அங்கே பாதி இங்கே எடுக்கலாமா? யுசி-யில் இந்தப் படிப்புக்கு எங்கே போவது?

செந்தில்குமரன்
கலந்து எடுக்கத் தடையில்லை, ஆனால் காலண்டர் இடிக்கும். ஓலோனி செமஸ்டர், டி ஆன்சா க்வார்ட்டர். ஒரு க்வார்ட்டர் யூனிட் என்பது மூன்றில் இரண்டு செமஸ்டர் யூனிட். அதாவது 90 க்வார்ட்டர் யூனிட்தான் 60 செமஸ்டர் யூனிட். டி ஆன்சாவில் 12 யூனிட் எடுத்துவிட்டு ஓலோனிக்கு வந்தால் கையில் இருப்பது 8. இரண்டாவது சிக்கல் தேதி. வின்ட்டர் க்வார்ட்டர் மார்ச் கடைசியில்தான் முடியும், ஸ்ப்ரிங் செமஸ்டர் ஜனவரி கடைசியிலேயே தொடங்கிவிடும். ஒன்றை முடித்து இன்னொன்றில் சேர்வது நடைமுறையில் ஒரு டெர்மையே விழுங்கிவிடும். ஒரு காலேஜைத் தலைமை இடமாக வைத்துக்கொண்டு, அங்கே கிடைக்காத ஒன்றிரண்டு பாடத்தை மட்டும் இன்னொரு செமஸ்டர் காலேஜில் ஆன்லைனில் எடுப்பது நல்லது. எத்தனை காலேஜில் ஒரே ஒரு பாடம் எடுத்திருந்தாலும் அத்தனை ட்ரான்ஸ்கிரிப்டையும் பிறகு அனுப்ப வேண்டும்.

யுசி-யில் இந்தத் துறைக்கு நேர் பெயரில் இருப்பது அர்வைன் வளாகத்தின் கிரிமினாலஜி, லா அண்ட் சொசைட்டி. மற்ற வளாகங்களில் சோஷியாலஜி, லீகல் ஸ்டடீஸ் போல அருகில் உள்ள மேஜர்களுக்குப் போவார்கள். சிஎஸ்யு-வில் ஏ.டி.டி. தருகிற மாதிரியான உறுதி யுசி முழுவதற்கும் கிடையாது. அங்கே டேக் என்ற தனி ஒப்பந்தம் உண்டு. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் என்று ஆறு வளாகங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்து, செப்டம்பர் 1 முதல் 30-க்குள் போட வேண்டும். ஜிபிஏ தேவை வளாகத்துக்கும் மேஜருக்கும் தக்கபடி மாறும். பெர்க்லி, எல்.ஏ., சான் டியேகோ டேக் தருவதில்லை.

பாடம் ஏறுமா ஏறாதா என்பதற்கு அசிஸ்ட் என்ற வெப்சைட்தான் (காலேஜ் பாடமும் யூனிவர்சிட்டி பாடமும் எப்படி ஒத்துப்போகின்றன என்று காட்டுவது) வேதவாக்கு. தோழி சொன்னாள், அண்ணன் எடுத்தான் என்பதெல்லாம் வேண்டாம். வருஷத்தைத் தேர்ந்து, காலேஜ், யூனிவர்சிட்டி, மேஜர் கொடுத்தால் இரண்டு பத்தியாக வரும். இடப்பக்கம் யூனிவர்சிட்டி கேட்கும் பாடம், வலப்பக்கம் உங்கள் காலேஜில் அதற்கு ஈடானது, நடுவில் அம்புக்குறி. வலப்பக்கம் ஈடான பாடம் இல்லை என்று ஒரு வரி இருந்தால், அதே பாடத்தை இன்னொரு காலேஜ் கொடுக்கிறதா என்று காலேஜை மட்டும் மாற்றித் தேடுங்கள். இரண்டு பாடத்துக்கு நடுவில் "மற்றும்" என்று இருக்கிறதா "அல்லது" என்று இருக்கிறதா என்பதைக் கூர்ந்து பாருங்கள். "மற்றும்" என்றால் இரண்டையும் எடுத்தால்தான் ஒன்றுக்கு ஈடு. முன்னதை மட்டும் எடுத்துவிட்டு வருகிற பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமித்து, தேதியோடு வையுங்கள்.

கோகுல்
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மச்சான் பையன் கோயம்புத்தூரில் பிளஸ் டூ முடித்துவிட்டு எஃப்-1 மாணவர் விசாவில் இதே கோர்ஸுக்குக் கலிஃபோர்னியா வரலாமா என்று கேட்கிறான். தகுமா?

நிலானி
கோகுல் தம்பி, நேராகச் சொல்கிறேன், வேலை நோக்கத்தில் வருவதானால் தகாது. கிரிமினல் ஜஸ்டிஸ் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம் சார்ந்த படிப்புகள்) பட்டியலில் இல்லை. ஆகவே பட்டத்துக்குப் பிறகு ஓபிடி என்ற வேலை அனுமதி 12 மாதம்தான், 24 மாத நீட்டிப்பு வராது. ஃபெடரல் வேலை குடியுரிமை கேட்கும். போலீஸ் தேர்வும் பின்னணி விசாரணையுமே மாதக் கணக்கில் இழுக்கும், அந்த 12 மாதம் அதிலேயே கரைந்துவிடும். ஸைபர் ஃபாரன்சிக்ஸ், ஃபாரன்சிக் சயன்ஸ் சார்ந்த படிப்புகள் ஸ்டெம் பட்டியலில் வருகின்றன. ஆர்வம் இருந்தால் அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். சேர்வதற்கு முன் ஐ-20-ல் (விசாவுக்குக் காலேஜ் தருகிற படிவம்) போடப்போகிற சிஐபி எண்ணை (படிப்பின் துறைக் குறியீடு) கேட்டு, பட்டியலோடு ஒப்பிட வேண்டும். கோர்ஸின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

அப்படியே வந்தாலும் செமஸ்டருக்கு 12 யூனிட் கட்டாயம், அதில் ஆன்லைன் பாடம் ஒன்றுக்கு மேல் கணக்கில் வராது. ஏ.ஜே. பாடங்கள் பல காலேஜில் இரவிலும் ஆன்லைனிலும்தான் ஓடுகின்றன. பதிவு செய்வதற்கு முன் கால அட்டவணையைப் பார்க்காவிட்டால் விசா நிலைக்கே ஆபத்து. கட்டணமும் 46 டாலர் இல்லை. வெளிமாநில, வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் அதன் மேல் சேரும், காலேஜுக்குக் காலேஜ் மாறும்.

எச்-4ல் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) இங்கேயே வளர்ந்த பிள்ளைகள் நிலை வேறு. அவர்கள் கலிஃபோர்னியா ரெசிடென்ட் கட்டணத்துக்குத் தகுதி பெற முடியும், அட்மிஷன்ஸில் ஆதாரங்களோடு கேளுங்கள். 21 வயதில் எச்-4 முடிகிறது என்பதையும், அது சரியாக ட்ரான்ஸ்ஃபர் சமயத்தில் வந்து விழும் என்பதையும் இப்போதே இமிக்ரேஷன் வக்கீலிடம் பேசிவிடுங்கள்.

கவிதா, ஹூஸ்டன்
டெக்சஸில் இருக்கிறவர்கள் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம். இங்கே ஏ.டி.டி. கிடையாது. மாநிலப் பொதுப் பாடம் 42 கிரெடிட் மணி, அதன் மேல் கிரிமினல் ஜஸ்டிஸுக்கான ஃபீல்ட் ஆஃப் ஸ்டடி என்ற துறைப் பாடத் தொகுப்பு. அடிப்படைப் பாடம் சிஆர்ஐஜே 1301, கிரிமினல் லா 1310. எண்கள் மாநிலம் முழுவதும் பொது. தவிர்க்க வேண்டியது ஏ.ஏ.எஸ். டிகிரி. தொழில் டிகிரி என்ற அதே பிரச்சினைதான்.

இளங்கோ, குவீன்ஸ்
நியூயார்க் நகரத்தில் ஜான் ஜே காலேஜோடு சேர்ந்த க்யூனி (நியூயார்க் நகரப் பொதுப் பல்கலைக்கழகம்) ஜஸ்டிஸ் அகாடமி இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜில் சேரும்போதே ஜான் ஜேயிலும் சேர்த்துக்கொள்வார்கள். அகாடமி என்ற பெயரைப் பார்த்து போலீஸ் பயிற்சி என்று நினைக்க வேண்டாம், முழுக்கப் படிப்புதான்.

செந்தில்குமரன்
தாமரை மேடம், விண்ணப்பக் கட்டம் பற்றியும் எழுதிவிடுகிறேன். படிப்பெல்லாம் ஒழுங்காக முடித்துவிட்டுப் படிவத்தில் சறுக்குகிற பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரியும்.

சிஎஸ்யு-வுக்கு விண்ணப்பிக்கும் தளமான கால் ஸ்டேட் அப்ளை அக்டோபர் 1-ல் திறக்கும், நவம்பர் கடைசி அல்லது அதை ஒட்டிய நாளில் மூடும். இரண்டாம் வருஷ இலையுதிர் செமஸ்டரில், அதாவது காலேஜ் சேர்ந்து 15 மாதத்திலேயே விண்ணப்பம். ஒரு வளாகத்துக்கு 70 டாலர், வருமானத் தகுதி இருந்தால் நான்கு வளாகம் வரை விலக்கு. படிவத்தில் எடுத்த ஒவ்வொரு பாடத்தையும் ட்ரான்ஸ்கிரிப்டில் உள்ளபடியே தட்ட வேண்டும், டபிள்யூ (பாதியில் விட்டது) வாங்கியதும் எஃப் வாங்கியதும் உட்பட. ஹைஸ்கூலில் இருக்கும்போது ட்யூவல் என்ரோல்மென்டில் எடுத்ததும் காலேஜ் பாடம்தான், அதையும் போட வேண்டும். விட்டுவிட்டால் கிடைத்த இடமே ரத்தாகலாம். நடந்துகொண்டிருக்கும் பாடங்களையும் ஸ்ப்ரிங்கில் எடுக்கப்போவதையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும்.

அங்கே "ஏ.டி.டி. முடிக்கப் போகிறீர்களா" என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று குறித்து, டிகிரியைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைக் குறிக்காத பிள்ளையைச் சாதாரண ட்ரான்ஸ்ஃபர் மாணவராகவே எண்ணுவார்கள், சலுகை எதுவும் ஒட்டாது. அதன் பிறகு காலேஜ் தன் பக்கத்திலிருந்து இந்த மாணவர் உண்மையிலேயே அந்தப் பாதையில் இருக்கிறார் என்று சிஎஸ்யு-வுக்கு உறுதி செய்யும். அதற்குக் காலேஜ் வைக்கிற கெடு தனி. இலையுதிர் செமஸ்டரிலேயே டிகிரி ஆடிட் செய்து, கவுன்சிலரின் கையெழுத்தோடு கல்வித் திட்டம் ஃபைலில் இருந்தால் இது தடையில்லாமல் நடக்கும்.

கோல்டன் ஃபோர் என்று நான்கு பாடங்களைச் சொல்வார்கள்: காம்போசிஷன், பேச்சு, கிரிட்டிகல் திங்கிங், கணக்கு. இவை சேர்வதற்கு முந்தைய ஸ்ப்ரிங்குக்குள் முடிந்திருக்க வேண்டும். பெரும்பாலான வளாகங்கள் கோடையில் முடிப்பதை ஏற்பதில்லை. நிலானி சொன்ன மாதிரி முதல் வருஷத்திலேயே தீர்த்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. புதிய பொது எண் முறையில் காம்போசிஷன், பேச்சு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எல்லாம் சி1000 என்றே வரும். முன்னால் உள்ள துறைக் குறியீட்டை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

முதல் செமஸ்டர்: காம்போசிஷன், ஏ.ஜே. அறிமுகம், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், சோஷியாலஜி. இரண்டாவது: கிரிட்டிகல் திங்கிங், பேச்சு, கிரிமினல் லா, லேபோடு பயாலஜி. ஸ்டாட்டிஸ்டிக்ஸையும் லேபையும் ஒரே செமஸ்டரில் போடாதீர்கள். மூன்றாவதில் விண்ணப்பம் எழுதும் வேலையும் இருப்பதால் கொஞ்சம் லேசாக வைக்கலாம்: ஏ.ஜே. தேர்வுப் பாடம் ஒன்று, எத்னிக் ஸ்டடீஸ், அமெரிக்க வரலாறு, ஃபிசிக்கல் சயன்ஸ். மீதியைக் கடைசி செமஸ்டருக்கும் கோடைகளுக்கும் பிரித்துப் போடுங்கள். நான்கு செமஸ்டரில் 60 ஆக வேண்டுமென்றால் சராசரி 15 யூனிட் வேண்டும், மேலே போட்டிருப்பது 12-13 தான். குறைகிறதை, கலைப் பாடம் மாதிரி, கோடையில் எடுத்துச் சரிக்கட்டலாம்.

ரஹ்மத்துல்லா
தேர்வுப் பாடத்தில் சாட்சியச் சட்டம் எடுக்கச் சொல்லுங்கள். போலீஸுக்கும் உதவும், லா ஸ்கூலுக்கும் உதவும். மேப், மிராண்டா, டெர்ரி போன்ற அமெரிக்க உச்ச நீதிமன்ற வழக்குகளை வெறும் பெயராக மனப்பாடம் செய்யாமல், சம்பவம், கேள்வி, தீர்ப்பு, காரணம் என்று ஒரு பக்கத்தில் எழுதப் பழகினால் அதுவே பின்னால் ரிப்போர்ட் எழுதும் கையாகிவிடும். புலனாய்வுப் பாடம் கேட்க சுவாரசியமாக இருக்கும், ஆனால் அதில் சொல்வதை அகாடமி திரும்பச் சொல்லித் தரும்.

தாமரை, ஃப்ரீமாண்ட்
கடைசியாக ஒன்று. பணம்? இரண்டு வருஷம் முடித்ததும் ட்ரான்ஸ்கிரிப்ட் தானாகவே போய்விடுமா, நாம் ஏதாவது செய்ய வேண்டுமா?

நிலானி
60 யூனிட்டுக்கு 46 டாலர் வீதம் 2,760 டாலர், இரண்டு வருஷத்துக்குமே. புத்தகமும் சின்னக் கட்டணங்களும் தனி. சிஎஸ்யு-வில் 2025-26க்கு முழுநேர ட்யூஷன் மட்டும் வருஷத்துக்கு 6,450 டாலர், வளாகக் கட்டணம் அதற்கு மேல். கிரீன் கார்டு இருப்பதால் ஃபாஃப்சா (ஃபெடரல் கல்வி உதவிக்கான விண்ணப்பம்) போடலாம், பெல் கிராண்ட் என்ற உதவித்தொகைக்குத் தகுதி இருக்கிறதா என்று அதிலேயே தெரியும். கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிற காலேஜ் ப்ராமிஸ் கிராண்டுக்கும் விண்ணப்பியுங்கள். ஃபாஃப்சாவை ஒவ்வொரு வருஷமும் புதிதாகப் போட வேண்டும், போகப்போகிற யூனிவர்சிட்டியின் பெயரையும் அதில் சேர்க்க வேண்டும்.

ட்ரான்ஸ்கிரிப்ட் தானாகப் போகாது. கடைசி கிரேடு ஏறி, டிகிரியும் பதிவான பிறகு ஃபைனல் ட்ரான்ஸ்கிரிப்டைக் கேட்டு அனுப்ப வேண்டும். டிகிரிக்கே தனியாக விண்ணப்பம் உண்டு. அதைப் போடாமல் எல்லாப் பாடமும் முடித்துவிட்டு டிகிரி ஏறாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். ட்ரான்ஸ்கிரிப்ட் கேட்கும் அதே படிவத்தில் கால்-ஜெட்சி சர்டிஃபிகேஷன் வேண்டும் என்ற பெட்டி இருந்தால் டிக் செய்யுங்கள், இல்லையென்றால் கவுன்சிலிங்கில் தனிப் படிவம் கேளுங்கள். அது இல்லாமல் போனால் யூனிவர்சிட்டி ஒவ்வொரு பாடமாக எடுத்து மறுபடி அளக்கும், முடித்ததாக நினைத்த பொதுக்கல்வியில் ஒன்றிரண்டு விழலாம். வெவ்வேறு காலேஜில் படித்திருந்தால் சர்டிஃபிகேஷனை எந்தக் காலேஜ் கொடுக்கப்போகிறதோ அங்கே மற்ற ட்ரான்ஸ்கிரிப்டுகள் முதலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதற்கே நாலைந்து வாரம் ஆகும் என்று வைத்துக்கொண்டு மார்ச்சிலேயே தொடங்குங்கள்.